பெயரற்றவர்க்குப் பெயர் தேடியவர்: காஜி அசீசுல் ஹக்

முன்னுரை

பொதிகையில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசி நகரின் முகமே மாறிவிடும். இரயிலிலும் பேருந்திலும் வந்திறங்கும் கூட்டம் முழுதும் குற்றாலத்தை நோக்கியே செல்லும். ஆனி, ஆடி, ஆவணி ஆகிய மூன்று மாதங்களிலும் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி ஆகிய இடங்களில் எங்கு நோக்கினும் மனிதத் தலைகளே தெரியும். அருவியின் கீழ் நிற்பவர்கள் ஒருவரை ஒருவர் பெயர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. இடுப்பில் ஒரு துண்டுடன் நீருக்குத் தலையைக் கொடுத்து நிற்கும்போது செல்வரும் வறியரும் அங்கே ஒன்றே.

இந்தப் பெயரற்ற நிலை இன்பமானதுதான். ஆனால் மலையில் மழை கொட்டி, அருவியில் திடீரென வெள்ளம் பெருக்கெடுக்கும் நாளில் அதுவே பெருந்துயரமாக மாறக்கூடும். 2024ஆம் ஆண்டு மே மாதம் பழைய குற்றாலத்தில் அவ்வாறு வந்த வெள்ளம் பள்ளி மாணவர் ஒருவரின் உயிரைப் பறித்ததை நாம் அறிவோம். உடன் வந்த உறவினர் இருந்தால் இறந்தவர் இன்னார் என்று சொல்ல ஆள் உண்டு. தனியே வந்த ஒருவர், வீட்டில் சொல்லாமல் புறப்பட்ட ஒருவர், ஆற்றோரத்திலோ தண்டவாளத்தின் அருகிலோ உயிரற்றுக் கிடந்தால் அவர் யார்? காவல் நிலையத்தின் ஏட்டில் அவர் அடையாளம் தெரியாத ஆண் பிணம் என்றோ, பெண் பிணம் என்றோ மட்டுமே பதிவாகிறார். வாழ்நாள் முழுதும் சுமந்த பெயர் அந்த ஒரு வரியில் மறைந்துவிடுகிறது.

மறைந்த பெயரை மீட்பதற்கு மனித குலம் கண்ட வழிகளுள் தலைசிறந்தது கைரேகை. கைரேகைகளை இலட்சக்கணக்கில் சேர்த்து வைத்து, வேண்டிய ஒன்றைச் சில நிமிடங்களில் தேடி எடுக்கும் முறை உருவானது ஐரோப்பாவில் அன்று. நம் நாட்டுக் கல்கத்தாவில். அதற்குக் கணித வடிவம் தந்தவர் ஓர் இந்தியர். கணிதம் பயின்று, காவல் துறையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்த காஜி சையத் அசீசுல் ஹக் என்பவரே அவர். அன்னாரது வாழ்க்கையை நம் கல்லூரி மாணவர்கள் அறிந்துகொள்வது இன்றியமையாதது.

பிறப்பும் இளமையும்

அசீசுல் ஹக் 1872ஆம் ஆண்டு, இன்று வங்காளதேசத்தில் உள்ள குல்னா மாவட்டத்தைச் சேர்ந்த பைகிராம் கஸ்பா என்னும் சிற்றூரில் பிறந்தார். அது ஆறுகளும் ஓடைகளும் நிறைந்த நாடு. அங்கே படகே வண்டி; நீரே சாலை. அவர் சிறுவனாக இருந்தபோதே பெற்றோர் இருவரும் படகு விபத்தில் மாண்டனர். பிற்காலத்தில் அடையாளம் காணும் கலைக்கு உழைத்த ஒருவரின் வாழ்க்கை, நீரில் நேர்ந்த ஓர் அகால மரணத்தின் நிழலிலேயே தொடங்கியது.

மூத்த சகோதரரின் பொறுப்பில் வளர்ந்த அவருக்கு வயிறாரச் சோறு கிடைக்கவில்லை. வளரும் பிள்ளைக்குப் பசி அதிகம், வீட்டிலோ வறுமை. தன் பங்குக்கு மேல் உண்டுவிட்டதற்காக ஒருநாள் தமையனிடம் அடிபட்டார் என்றும், அன்றே வீட்டைவிட்டு ஓடி இரயிலேறிக் கல்கத்தா சேர்ந்தார் என்றும் அவரது வரலாற்றை எழுதியவர்கள் கூறுகின்றனர். அப்போது அவருக்கு வயது பன்னிரண்டு. கையில் காசில்லை; தெரிந்த முகமும் இல்லை. அலைந்து களைத்து ஒரு வீட்டின் வாசலில் படுத்துக் கிடந்த சிறுவனை அவ்வீட்டார் இரக்கத்துடன் ஏற்று, எடுபிடி வேலைக்கு வைத்துக்கொண்டனர்.

அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் பாடம் சொல்லும்போது, அருகில் நின்ற வேலைக்காரச் சிறுவன் கணக்குகளை அவர்களைவிட விரைவாகப் போட்டுவிட்டான். வீட்டுக்காரர் பொறாமைப்படவில்லை, அவனைப் பள்ளிக்கு அனுப்பினார். அந்த நல்ல உள்ளத்தின் பயனாக, வாசலில் படுத்திருந்த சிறுவன் சில ஆண்டுகளில் புகழ்பெற்ற மாநிலக் கல்லூரியில் கணித மாணவரானார். அன்று கல்கத்தாவில் யார் என்று கேட்பாரற்றுக் கிடந்த அந்தப் பிள்ளை இறந்திருந்தால், அவன் பெயரையும் ஊரையும் சொல்ல அந்நகரில் ஒருவரும் இருந்திருக்கமாட்டார்.

உடலை அளந்த காலம்

1891ஆம் ஆண்டு வங்காளக் காவல் துறையின் தலைவராக எட்வர்டு ரிச்சர்டு ஹென்றி என்னும் ஆங்கிலேயர் பொறுப்பேற்றார். ஒருமுறை தண்டனை பெற்றவன் வேறு ஊரில், வேறு பெயரில் மீண்டும் பிடிபடும்போது அவனை எப்படி அறிவது என்பது அவருக்குப் பெருஞ்சிக்கலாக இருந்தது. அக்காலத்தில் பாரிஸ் நகரைச் சேர்ந்த அல்போன்ஸ் பெர்ட்டில்யான் வகுத்த உடலளவு முறை உலகெங்கும் பரவியிருந்தது. தலையின் நீளம், அகலம், நடுவிரலின் நீளம், முன்கையின் நீளம், பாதத்தின் நீளம் முதலியவற்றைக் கருவிகொண்டு அளந்து சீட்டில் எழுதிவைப்பது அம்முறையாகும்.

இதில் குறைகள் பல. அளப்பவர் கை சற்றே அழுத்தினால் ஓர் அளவு, தளர்த்தினால் வேறோர் அளவு. இளைஞனின் உடல் வளர்ந்தால் அளவுகள் மாறும். ஆயிரக்கணக்கான காவலர்கள் ஆயிரக்கணக்கான இடங்களில் அளக்கும்போது பிழை மலிவது இயல்பே. இந்த வேலைக்குக் கணக்கில் வல்ல ஓர் இளைஞரைத் தருமாறு ஹென்றி மாநிலக் கல்லூரி முதல்வரைக் கேட்டார். முதல்வர் சுட்டிய பெயர் அசீசுல் ஹக். 1892ஆம் ஆண்டு அவர் உதவி ஆய்வாளராகப் பணியில் சேர்ந்தார். முதலில் அவருக்குக் கிடைத்த வேலை உடலளவுச் சீட்டுகளைப் பேணுவதே. நாள்தோறும் அவற்றைக் கையாண்டபோது அம்முறையின் பிழைகள் அவருக்கு நன்கு விளங்கின.

விரல் நுனி சொன்ன செய்தி

கைரேகை நமக்குப் புதியதன்று. விரலில் உள்ளது சங்கா, சக்கரமா என்று எண்ணிப் பலன் சொல்லும் வழக்கம் நம் ஊர்களில் நெடுங்காலமாக உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர் பத்திரத்தில் பெருவிரலை ஒற்றுவதையும் நாம் அறிவோம். கைநாட்டு என்று நாம் ஏளனமாகச் சொல்லும் அந்த ஒற்றுதான், படித்தவர் இடும் கையெழுத்தைக் காட்டிலும் உறுதியான சான்று என்பதை அறிவியல் பின்னர் மெய்ப்பித்தது.

1858ஆம் ஆண்டு வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் அதிகாரி, சாலைக்குச் சரளை கொடுக்க ஒப்பிய ஒருவரின் உள்ளங்கை முழுவதையும் ஒப்பந்தத்தின் பின்புறம் ஒற்றி வாங்கினார். பின்னாளில் அவர் ஒருவரின் ரேகை ஆண்டுகள் பல சென்றாலும் மாறுவதில்லை என்பதைத் தாமே பதிவுசெய்து கண்டார். ஜப்பானில் பணியாற்றிய ஹென்றி ஃபால்ட்ஸ் என்னும் மருத்துவர் 1880இல் குற்றவாளியை அறிய ரேகை உதவும் என்று எழுதினார். 1892இல் பிரான்சிஸ் கால்டன் என்னும் அறிஞர் ரேகைகளை ஆராய்ந்து ஒரு நூலே வெளியிட்டார். அதே ஆண்டில் அர்ஜென்டினாவில் ஜுவான் வுசெட்டிச் வளர்த்த முறையின் துணையால், தன் பிள்ளைகளைக் கொன்ற ஒரு தாய் கதவில் விட்டுச்சென்ற இரத்த ரேகையால் அகப்பட்டாள்.

ரேகை ஒருவரை அறிவிக்கும் என்பது இவ்வாறு உறுதியாயிற்று. ஆனால் பெரிய கேள்வி ஒன்று மீதமிருந்தது. ஒரு இலட்சம் பேரின் சீட்டுகள் அலமாரியில் இருக்கின்றன. இன்று ஒருவர் பெயரைச் சொல்ல மறுக்கிறார். அல்லது சொல்ல இயலாதவராய்ப் பிணமாகக் கிடக்கிறார். இலட்சம் சீட்டுகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினால் மாதங்கள் ஆகும். அகராதியில் சொற்களை அகரவரிசையில் தேடுகிறோம். விரல் ரேகைக்கு அகரவரிசை ஏது? கால்டனாலும் இதற்கு நிறைவான விடை காண இயலவில்லை. அந்த விடையைக் கண்டவர் அசீசுல் ஹக்.

ஆயிரத்து இருபத்து நான்கு அறைகள்

ஹக் கண்ட வழியைக் கணிதம் அறிந்த மாணவர் எளிதில் புரிந்துகொள்ளலாம். ரேகைகள் வில், கண்ணி, சுழி என்ற பெரும்பிரிவுகளில் அடங்கும். அவற்றுள் முதற்கட்டமாக ஒன்றை மட்டும் பார்ப்போம்: இந்த விரலில் சுழி உண்டா, இல்லையா? பத்து விரல்களை வலக்கைப் பெருவிரல் தொடங்கி இடக்கைச் சுண்டுவிரல் வரை வரிசையாக எண்ணி, இரண்டிரண்டாக ஐந்து இணைகளாக்குவோம். முதல் இணையில் சுழி இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 16, இரண்டாம் இணையில் 8, மூன்றாவதில் 4, நான்காவதில் 2, ஐந்தாவதில் 1 என்று மதிப்பு கொடுப்போம். சுழி இல்லாத விரலுக்கு மதிப்பு இல்லை.

இரட்டைப்படை எண் விரல்களின் மதிப்பைக் கூட்டி ஒன்று சேர்த்தால் பின்னத்தின் மேலெண் கிடைக்கும். ஒற்றைப்படை விரல்களின் மதிப்பைக் கூட்டி ஒன்று சேர்த்தால் கீழெண் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, ஒருவருக்கு இரு பெருவிரல்களில் மட்டும் சுழி இருப்பதாகக் கொள்வோம். வலப் பெருவிரல் முதல் விரல். அதன் மதிப்பு 16. ஆகவே கீழெண் 17. இடப் பெருவிரல் ஆறாம் விரல். அதன் மதிப்பு 4. ஆகவே மேலெண் 5. அவருடைய சீட்டு 5/17 என்ற அறையில் இருக்கும். சுழியே இல்லாதவர் சீட்டு 1/1 என்ற அறையில். பத்திலும் சுழி உடையவர் சீட்டு 32/32 என்ற அறையில்.

மேலெண் 32 வகை, கீழெண் 32 வகை. ஆக மொத்தம் 1024 அறைகள். புறாக்கூடு போன்ற சிற்றறைகள் கொண்ட அலமாரிகளில் இவை அமைந்தன. பத்து விரல்களைப் பார்த்ததும் எந்த அறையில் தேட வேண்டும் என்பது சில நொடிகளில் தெரிந்துவிடும். சில அறைகளில் சீட்டுகள் மிகுதியாகக் குவிந்தன. அவற்றை மேலும் உட்பிரிவுகளாக வகுப்பதிலும், ரேகைக் குறிப்பைத் தந்தி வழியாக அனுப்பும் குறியீட்டை அமைப்பதிலும் ஹக்கின் உடன் பணியாளரான ஹேமச்சந்திர போஸ் பெரும்பணி ஆற்றினார். இஸ்லாமியர் ஒருவரும் இந்து ஒருவரும் ஒரே மேசையில் அமர்ந்து உழைத்து உலகுக்கு அளித்த கொடை இது.

1897ஆம் ஆண்டு அரசு அமைத்த குழு ஒன்று இம்முறையை நேரில் சோதித்தது. உடலளவு முறையைவிட இது எளியது, விரைவானது, பிழை குறைந்தது என்று அக்குழு முடிவுகூறியது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இந்திய அரசு கைரேகை முறையை ஏற்றது. கல்கத்தாவில் உலகின் முதல் கைரேகை நிலையம் அமைந்தது. இலண்டன் ஸ்காட்லாந்து யார்டில் இத்தகைய பிரிவு தோன்றியது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1901இல்தான் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

தேயிலைத் தோட்டத்துக் கொலை

புதிய முறைக்கு விரைவிலேயே சோதனை வந்தது. 1897ஆம் ஆண்டு வட வங்காளத்தின் ஜல்பைகுரி மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கழுத்தறுபட்டுக் கிடந்தார். பணப்பெட்டி சூறையாடப்பட்டிருந்தது. சமையற்காரர், தோட்டக் கூலிகள், பகைவர் எனப் பலர்மீது ஐயம் எழுந்தது. அங்கே கிடந்த வங்காளிப் பஞ்சாங்கம் ஒன்றின் மேலட்டையில் பழுப்பு நிறக் கறை ஒன்று காணப்பட்டது. உருப்பெருக்கியால் நோக்கியபோது அது ஒரு பெருவிரலின் பதிவு என்று தெரிந்தது. கறை இரத்தமே என்று இரசாயனப் பரிசோதகர் அறிவித்தார்.

அந்தப் பதிவு கல்கத்தா நிலையத்தின் அறைகளில் இருந்த ஒரு சீட்டுடன் ஒத்துப்போயிற்று. மேலாளரிடம் முன்பு வேலைபார்த்து, திருட்டுக்காகச் சிறைசென்ற காங்காலி சரண் என்பவனின் சீட்டு அது. தொலைவில் இருந்த அவனைத் தேடிப் பிடித்தனர். 1898இல் நடந்த விசாரணையில் திருட்டுக் குற்றத்துக்கு அவன் தண்டனை பெற்றான். கொலைக் குற்றத்தினின்று விடுவிக்கப்பட்டான். அவன் பஞ்சாங்கத்தைத் தொட்டான் என்பதை ரேகை காட்டும்; கத்தியை ஓட்டினான் என்பதை அது மட்டுமே காட்டாது என்று நீதிமன்றம் கருதியது. ரேகை சொல்வது என்ன, சொல்லாதது என்ன என்பதை முதல் வழக்கிலேயே பிரித்துப் பார்த்த அந்த நிதானம் பாராட்டுக்குரியது. அடுத்த ஆண்டு, 1899இல், ரேகை வல்லுநரின் கருத்தைச் சான்றாக ஏற்க இந்தியச் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டது.

உயிரற்ற உடலில் ரேகை

காவல் துறைக்கெனப் பிறந்த இக்கலையைச் சட்ட மருத்துவம் விரைவில் தன் கருவிகளுள் ஒன்றாக்கிக் கொண்டது. இயற்கைக்கு மாறான மரணம் நேர்ந்தால் காவலர் பஞ்சாயத்தார் முன்னிலையில் விசாரணை நடத்தி, உடலைப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். முன்பு குற்ற நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவில் உள்ளது. மருத்துவர் முன் எப்போதும் மூன்று கேள்விகள் நிற்கின்றன: இறந்தவர் யார்? எப்போது இறந்தார்? எவ்வாறு இறந்தார்? முதல் கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால் மற்ற இரண்டின் விடையும் பாதிப் பயனையே தரும்.

விரல் நுனியின் ரேகை, குழந்தை தாயின் கருவில் இருக்கும்போதே உருப்பெற்றுவிடுகிறது. ஒரே முட்டையில் தோன்றிய இரட்டையர்க்கும் அது ஒன்றாக இராது. வெட்டுக்காயமோ தீப்புண்ணோ தோலின் ஆழம்வரை சென்றாலன்றி, அழிந்த ரேகை பழையபடியே வளர்ந்துவிடும். இறந்தபின்னும் தோல் அழுகும்வரை அது நிலைத்திருக்கும்.

நீரில் கிடந்த உடலில் இதைப் பதிவது எளிதன்று. நெடுநேரம் அருவியில் நின்று குளித்தால் நம் விரல் நுனி வெளுத்துச் சுருங்குவதைப் பார்த்திருக்கிறோம். நீரில் கிடந்த பிணத்தின் விரலும் அவ்வாறே சுருங்கும். அப்போது விரல் நுனியில் ஊசிவழியாகத் திரவம் செலுத்திச் சுருக்கத்தை நீக்கிப் பதிவெடுப்பர். நாட்கள் கழிந்தால் கையின் மேல்தோல் கையுறை போலக் கழன்றுவிடும். அந்தத் தோலைப் பரிசோதகர், கையுறை அணிந்த தம் விரல்மேல் பொருத்தி, மையில் ஒற்றிப் பதிவுசெய்வதும் உண்டு. கேட்கவே கூசும் இச்செயலை ஒருவர் பொறுமையுடன் செய்வது எங்கோ காத்திருக்கும் ஒரு குடும்பத்துக்காகவே. அவர் நீரில் மூழ்கித்தான் இறந்தாரா, கொல்லப்பட்டு நீரில் எறியப்பட்டாரா என்பதை நுரையீரலின் நிலையும், எலும்பு மச்சையில் காணப்படும் டயட்டம் என்னும் நுண்பாசியும் ஓரளவு உணர்த்தும்.

ரேகை கிட்டாத இடத்தில் பல்லும் எலும்பும் பேசும். 1952ஆம் ஆண்டு தமிழகத்தையே உலுக்கிய ஆளவந்தார் கொலை வழக்கை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். சென்னையிலிருந்து சென்ற இரயிலில், பெட்டி ஒன்றில் தலையற்ற உடல் மானாமதுரையில் கண்டெடுக்கப்பட்டது. தலை இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் சட்ட மருத்துவ அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்தனர். பல்லின் அமைப்பும் காதிலிருந்த துளையும் இறந்தவர் இன்னார் என்று காட்ட உதவின.

புகழ் யாருக்கு?

ஹக்கின் வாழ்க்கைக்குத் திரும்புவோம். 1900ஆம் ஆண்டு ஹென்றி கைரேகைகளை வகைப்படுத்தும் முறை பற்றிய நூலை வெளியிட்டார். அம்முறை உலகெங்கும் ஹென்றி முறை என்றே பெயர்பெற்றது. ஹென்றி இலண்டன் காவல் துறையின் ஆணையராக உயர்ந்தார். அரச விருதுகள் பெற்றார். நிருவாகத் திறமும், இளம் பணியாளரை ஊக்குவிக்கும் பண்பும் அவரிடம் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் 1024 அறைகளின் கணக்கை வகுத்த இளைஞரின் பெயர் உலகின் காதில் விழவில்லை.

1912இல் வங்காளத்தினின்று பீகார் பிரிந்தபோது ஹக் பீகார் காவல் பணியைத் தேர்ந்தார். 1913இல் கான் சாகிப் பட்டமும், 1924இல் கான் பகதூர் பட்டமும் பெற்றார். தம் உழைப்புக்கு உரிய அங்கீகாரத்தை அவர் அரசிடம் முறையாகக் கேட்டார். அரசு 5000 ரூபாய் பரிசளித்தது. ஹேமச்சந்திர போஸும் பின்னர் இத்தகைய சிறப்பைப் பெற்றார். 1926இல் ஹென்றியே, தம் பணியாளருள் வேறெவரையும்விட ஹக்கின் பங்கே மிகுதி என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார். கால் நூற்றாண்டு தாமதமாக வந்தாலும் அந்த ஒப்புதல் வந்தது. அது ஹென்றிக்கும் பெருமை சேர்ப்பதே.

ஓய்வுபெற்ற ஹக், காந்தியடிகள் 1917இல் உழவர்க்காகப் போராடிய சம்பாரண் மாவட்டத்தின் தலைநகரான மோத்திஹாரியில் வாழ்ந்து, 1935ஆம் ஆண்டு காலமானார். அவர் உடல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. நாடு பிரிந்தபின் குடும்பத்தார் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் பெயர்ந்தனர். நெடுங்காலம் அவரைப் பற்றிப் பேசுவார் இல்லை. இந்திய ஆராய்ச்சியாளர்கள் பழைய ஆவணங்களைப் புரட்டி அவர் பங்கை எடுத்துரைத்தபின், ஆங்கில நாட்டுக் கைரேகைச் சங்கம் ஹக், போஸ் இருவர் பெயரிலும் பரிசு ஒன்றை நிறுவியது.

ரேகையின் மறுபக்கம்

இவ்வரலாற்றில் இருண்ட பக்கமும் உண்டு. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. கூட்டம் கூட்டமாக மக்களைக் குற்றப் பரம்பரையினர் என்று முத்திரை குத்திய சட்டம், பிறந்த குலத்துக்காகவே அவர்களின் விரல்களை மையில் தோய்த்தது. தென் தமிழ்நாட்டில் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள், மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மறுத்து நின்ற மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்னும் பெண் உட்படப் பலர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் ஒழிந்தது.

ஒரே மைதான், ஒரே விரல்தான். இறந்தவனுக்குப் பெயரைத் திருப்பித் தரும் கருவியே, வாழ்பவனிடமிருந்து மானத்தைப் பறிக்கவும் பயன்பட்டது. கணக்கை வகுத்தவர்மேல் இப்பழியைச் சுமத்துவது முறையன்று. எனினும் கருவியை யார் கையில், என்ன சட்டத்தின் கீழ்க் கொடுக்கிறோம் என்று கேட்கும் கடமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு.

கருவி தவறுவதும் உண்டு. 2004இல் மாட்ரிட் நகர இரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ரேகை ஒன்றை அமெரிக்கப் புலனாய்வுத் துறையினர் தம் நாட்டு வழக்கறிஞர் ஒருவருடையது என்று கருதி அவரைச் சிறைவைத்தனர். பின்னர் அது வேறொருவருடையது என்று தெரிந்து மன்னிப்புக் கேட்டனர். ரேகை பொய் சொல்லாது. அதைப் படிக்கும் மனிதன் பிழைபடலாம்.

இன்றைய நிலை

ஹக்கின் அலமாரிகள் இருந்த இடத்தில் இன்று கணிப்பொறிகள் உள்ளன. 2022இல் நாடு தழுவிய தானியங்கிக் கைரேகை அமைப்பு நிறுவப்பட்டது. அருவிக்கரையில் கிடைத்த உடலின் ரேகையை மறு மாநிலத்துப் பதிவோடு நொடியில் ஒப்பிடலாம். ஆயினும் ஓர் உண்மையை நாம் மறத்தலாகாது. காவல் துறையிடம் இருப்பவை பெரும்பாலும் கைதானவர், தண்டனை பெற்றவரின் ரேகைகளே. எக்குற்றமும் செய்யாத ஏழை ஒருவன் இறந்து கிடந்தால் அவன் ரேகைக்கு ஒப்பான சீட்டு எங்கும் இராது. ஆதாருக்கு நாம் கொடுத்த ரேகையை வேறு பயனுக்குப் பகிர 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டம் இடந்தரவில்லை. தனிமனித மறைவைக் காக்க அது தேவையான வேலிதான். ஆகவே, நேர்மையாக வாழ்ந்தவனே பெயரின்றிப் புதைக்கப்படும் விந்தை இன்றும் நிகழ்கிறது.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது தாய்லாந்தில் பல நாட்டு வல்லுநர்கள் கூடிப் பல், ரேகை, மரபணு ஆகியவற்றால் ஆயிரக்கணக்கான உடல்களை அடையாளம் கண்டனர். நம் நாகப்பட்டினக் கரையிலோ உடல்கள் விரைந்து கூட்டமாக அடக்கம் செய்யப்பட்டன. அவற்றுள் பெயர் அறியப்படாமல் மண்ணில் சேர்ந்தவை பல.

இதனால் நேரும் துன்பத்தை எண்ணிப் பார்ப்போம். கணவன் இறந்தானா, இருக்கிறானா என்று தெரியாத பெண் தாலியோடு இருப்பதா, கழற்றுவதா? எந்தத் திதியில் அவனுக்கு எள்ளும் நீரும் இறைப்பது? இறப்புச் சான்றிதழ் இன்றிக் காப்பீடு இல்லை, ஓய்வூதியம் இல்லை, நிலத்தின் பட்டா மாறாது. ஏழாண்டுகள் ஒருவரைப் பற்றிச் செய்தியே இல்லையெனில் இறந்தவராகக் கொள்ளலாம் என்று சட்டம் கூறுகிறது. ஏழு ஆடி அமாவாசைகள் அந்தப் பெண் வாசலைப் பார்த்தபடி இருக்க வேண்டும். ஒரு விரல் ஒற்று அந்த ஏழாண்டுகளை ஒரு நாளாகக் குறைக்க வல்லது.

முடிவுரை

பசிக்கு அடிபட்டு ஓடிய பிள்ளை. வாசலில் கிடந்தவனைக் கல்லூரி வரை உயர்த்திய ஒரு குடும்பத்தின் கருணை. கூட்டல் கணக்கை ஒத்த எளிய சூத்திரத்தால் ஓர் உலகச் சிக்கலை அவிழ்த்த அறிவு. தாமதமாக வந்த புகழ். அசீசுல் ஹக்கின் வாழ்க்கை இவ்வளவே. பெரிய ஆய்வுக்கூடம் அவருக்கு இல்லை; வெளிநாட்டுப் பட்டம் இல்லை. மாணவப் பருவத்தில் கற்ற கணிதம் மட்டுமே அவருடைய மூலதனம். அரசுக் கல்லூரியில் பயிலும் நமக்கு இதைவிட ஊக்கமளிக்கும் செய்தி வேறென்ன வேண்டும்?

நம் சிற்றூர்களில் இன்றும் கைநாட்டு வைக்கும் முதியவரைக் கண்டு நகைப்பவர் உண்டு. அவர் பெருவிரலில் உள்ள கோடுகளை உலகில் வேறெவரும் பெற்றதில்லை, பெறப்போவதுமில்லை. அந்த விரலின் மதிப்பை எண்ணால் எழுதிக் காட்டியவர் ஒரு வங்காள உதவி ஆய்வாளர் என்பதை நினைவில் வைப்போம். சட்ட மருத்துவம், தடய அறிவியல் ஆகிய துறைகளுக்கு நம் மாணவர் சிலராவது செல்லட்டும். பெயரின்றிக் கிடக்கும் எவரையும் அவருடைய வீட்டாரிடம் பெயரோடு சேர்ப்பிப்பது, உயிரோடு இருப்பவர் இறந்தவர்க்குச் செய்யும் கடைசிக் கடமையாகும்.